கையில் குத்திய சொல்

என் வலக்கையில் இருக்கும் பச்சையைக் காட்டி, "இது என்னப்பா?" என்று கேட்டீர்கள், பிள்ளைகளே. அது 'திராவிடன்' என்ற சொல். அறுபதுகளில் தாம்பரத்தில் எங்கள் தெருப் படிப்பகத்தை நடத்திய நண்பன்தான் என்னைக் குன்றத்தூர் திருவிழாவுக்கு அழைத்துப்போய்க் குத்த வைத்தான். "சாமி கும்பிடப் போவல மச்சான், பச்சை குத்தத்தான் போறோம்" என்று சிரித்தான். "நம்ம முப்பாட்டன் வாயில பொறந்த பேருடா இது" என்றான். நம்பினேன்.

பிறகு ஒருநாள் ரயிலடி மைதானத்தில் நண்பனும் பேசிய பட்டிமன்றம் நடந்தது. எதிரணிப் பேச்சாளர், "'திராவிடம்' என்ற சொல் பழைய வடமொழி நூல்களிலேயே இருக்கிறது. நம் மொழிகளுக்கெல்லாம் பொதுப் பெயராக அதை எடுத்து வைத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார்" என்றார். நான் எழுந்து, சட்டைக் கையை மடித்துக் காட்டி, "பொய்!" என்று கத்தினேன்.

"இன்னா நைனா, கையில குத்திக்கினா உண்மையாயிடுமா?" என்றார் பக்கத்தில் இருந்தவர். கூட்டமே சிரித்தது. மேடையில் இருந்த நண்பனைப் பார்த்தேன். அவன் சோடா குடித்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும்போது அவனைக் கேட்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும்டா. அதெல்லாம் சொன்னா உனக்கு எங்க புரியப் போவுது? சொல்லியிருந்தா குத்திக்கினு இருப்பியா நீ?"

சொல்லியிருந்தாலும் குத்திக்கொண்டிருப்பேன், பிள்ளைகளே. எங்களைத் தலைநிமிர்ந்து நடக்க வைத்த சொல் அது. எங்கிருந்து வந்தால் என்ன? சொல்லின் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. எட்டாவது வரை மட்டுமே படித்த எனக்கு உண்மை எதற்கு என்று நினைத்தானே, அதுதான் ஆறவில்லை.

அதன்பின் அவனுடைய படிப்பகம் தெருவிலேயே இருக்க, பேப்பர் படிக்க நான் செம்பாக்கம் வரை சைக்கிள் மிதித்தேன்.