சித்திரகுப்தியின் புகார் மனு

காக்ஸ் டவுனில் மௌரீனைத் தெரியாதவர்கள் குறைவு. தெரிந்தவர்களுக்கும் அவளைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இருக்காது. ஐம்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, வக்கீல் ரங்கநாதனின் அலுவலகத்தில் இருபத்தொன்பது வருஷமாக டைப்பிஸ்ட். ஞாயிறு காலையில் லிங்கராஜபுரத்துத் தமிழ் சர்ச்சில் இடது பக்கம் நாலாவது வரிசை. அவ்வளவுதான்.

ரங்கநாதன் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் அவள் வேலை. ஆனால் அவர் சொன்னதை அப்படியே அடித்தால் எந்த மனுவும் தேறாது என்பது அவளுக்குத் தெரியும். சட்டப்பிரிவைத் திருத்துவாள், தேதியைத் திருத்துவாள், சில சமயம் வாதத்தையே மாற்றிவிடுவாள். அவர் கையெழுத்துப் போடுவார். ஒருநாளும் "நீ திருத்தினியா?" என்று கேட்டதில்லை. கவனித்தாரா என்பதே சந்தேகம்.

இந்த மௌரீன்தான் 'சீல் வைத்த கவர்' என்ற சமூக வலைத்தளப் பக்கத்தை நடத்துகிறாள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அரசாங்கத்தின் புதுச் செயலிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், கம்பெனிகளின் அறிவிப்புகள் என்று எது வந்தாலும் அந்தப் பக்கம் இரண்டே வரியில் கிழித்துப் போட்டுவிடும். ஏதோ ஓர் அலுவலகத்தில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்யும் கருவி பாதிப் பேரின் முகத்தை ஏற்கவில்லை என்று செய்தி வந்தபோது, "சம்பளத் தேதியில் எடுத்த முகத்தோடு மாதக் கடைசி முகம் எப்படிப் பொருந்தும்?" என்று எழுதினாள். தனிநபர் தகவல் பாதுகாப்பைப் பற்றி, "உங்கள் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றன. உங்களைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்" என்று எழுதினாள். ஒன்றரை லட்சம் பேர் படித்தார்கள். ரங்கநாதனும் படித்தார். மத்தியான டிபன் வேளையில் போனை நீட்டிப் பிடித்துச் சத்தமாக வாசித்துக் காட்டுவார்.

"யாரோ நல்லா சட்டம் படிச்ச பையன் எழுதறான் மௌரீன். இவன் மாதிரி ஒரு ஜூனியர் கிடைச்சா நான் எங்கயோ போயிருப்பேன்."

"ஆமா சார்" என்பாள்.

போன வருஷம் ஜூலையில் அவள் பக்கத்துக்கு வாசகர் ஒருவர் ஒரு வீடியோ அனுப்பினார். நகரத்தில் ஏதோ ஒரு சேவை மையத்தின் கவுன்ட்டர். ஓய்வூதியம் வாங்கும் முதியவர் ஒருவர், தான் உயிரோடிருப்பதற்கான சான்று பதிய வந்திருக்கிறார். கருவி அவருடைய கைரேகையை ஏற்கவில்லை. கவுன்ட்டரில் இருந்த பெண் அவர் கட்டைவிரலை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் பதினொரு முறை வைத்துப் பார்க்கிறாள். நடுவில் எழுந்து போய் அவருக்குக் காபி வாங்கிவந்து கொடுக்கிறாள். கடைசியில் சலித்துப்போய்ச் சொல்கிறாள்: "நீங்க உயிரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது தாத்தா. ஆனா சிஸ்டம் ஒத்துக்கலையே, நீங்க உயிரோட இல்லன்னுதான் சொல்லுது. நாளைக்கு வாங்க."

மொத்தம் நாலு நிமிஷம். மௌரீன் முழுசாகப் பார்த்தாள். பார்த்த முதல் நொடியிலேயே அந்தப் பெண் யாரென்று தெரிந்துவிட்டது. பிரபா. சர்ச் பாடகர் குழுவில் பாடுகிறவள், முப்பத்தொரு வயது, ஒப்பந்த ஊழியர்களை அனுப்பும் ஏஜென்சி மூலம் அந்த வேலையில் சேர்ந்தவள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சர்ச் வாசலில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். மௌரீன் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அவள் அந்த வீடியோவில் எட்டு நொடியை மட்டும் வெட்டி எடுத்தாள். "நீங்க உயிரோட இல்லன்னுதான் சொல்லுது. நாளைக்கு வாங்க." மேலே எழுதினாள்: "செத்தவரை நாளைக்கு வரச் சொல்லும் அதிகாரம் எமனுக்கே கிடையாது. இந்தம்மாவுக்கு உண்டு. நம் ஊர்ச் சித்திரகுப்தி."

கொஞ்சம் யோசித்தாளா என்றால், யோசித்தாள். 'சித்திரகுப்தி' என்ற சொல் அவ்வளவு நன்றாக விழுந்துவிட்டது. அதைத் தூக்கிப்போட அவளுக்கு மனசு வரவில்லை. பிரபாவின் முகத்தை மறைக்கலாமா என்றும் யோசித்தாள். மறைத்தால் அந்தச் சலிப்பு தெரியாது. அப்படியே போட்டுவிட்டாள்.

இரண்டு நாளில் இருபது லட்சம் பேர் பார்த்தார்கள். கன்னடப் பக்கங்களும் எடுத்துப் போட்டன. டிவியில் காட்டினார்கள். கவுன்ட்டருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்க ஆட்கள் வந்தார்கள். ஒருவன் மாலை போட்ட தன் அப்பாவின் படத்தைக் கழற்றிவந்து, "இவருக்கு ஒரு டோக்கன் குடும்மா" என்று நீட்டினான். மூன்றாம் நாள் துறையிலிருந்து அதிகாரிகள் அந்த முதியவரின் வீட்டுக்கே போய்ச் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதே நாள் ஏஜென்சி பிரபாவை வர வேண்டாம் என்றது.

"'சீல் வைத்த கவர்' எழுதியதால்தான் ஒரு பெரியவருக்கு நியாயம் கிடைத்தது" என்று நூற்றுக்கணக்கானவர்கள் பாராட்டினார்கள். மௌரீன் ஒவ்வொன்றுக்கும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டாள்.

மறுவாரம் மத்தியானம், ரங்கநாதன் கோர்ட்டுக்குப் போயிருந்த நேரத்தில் பிரபா அலுவலகத்துக்கு வந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"ஆன்ட்டி, உங்களுக்குச் சட்டம் தெரியும்னு எல்லாரும் சொல்வாங்க. அந்தப் பக்கத்து மேல ஒரு கம்ப்ளைன்ட் எழுதிக் குடுங்க. ரெண்டு இடத்துல வேலைக்குப் போய்க் கேட்டேன். பாத்ததும் சிரிக்கறாங்க."

மௌரீன் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. என்ன நடந்ததுன்னு மொதல்லேர்ந்து சொல்லு."

பிரபா சொன்னாள். மௌரீன் ஒன்றும் தெரியாதவளைப் போல நடு நடுவே கேள்வி கேட்டாள். எத்தனை தடவை விரலை வைத்தாய், யார் வீடியோ எடுத்தது, சாட்சி உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

"காபி வாங்கிக் குடுத்ததையும் எழுதுங்க ஆன்ட்டி. அத யாருமே காட்டல."

"எழுதறேன்."

எழுதினாள். அழகான ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். ஆனால் அந்தப் புகாரை எந்தப் பிரிவில் கொடுப்பது என்ற இடம் வந்தபோது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ என்று அடித்தாள். உச்ச நீதிமன்றம் 2015-லேயே ரத்து செய்துவிட்ட பிரிவு அது. அதில் புகார் எடுக்கிறவர்களைக் கிண்டல் செய்து அவளே நாலைந்து தடவை எழுதியிருக்கிறாள். வேறு வழிகளும் அவளுக்குத் தெரியும். அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு முழு வீடியோவோடு ஒரு கடிதம் அனுப்பச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரபா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

ஸ்டேஷனிலிருந்து போன் செய்தாள். "ஆன்ட்டி, 'இந்த செக்ஷன் சத்தோகிதெயம்மா'ன்னு சிரிக்கறாங்க. செத்துப்போச்சாம். யார் எழுதிக் குடுத்தான்னு கேட்டாங்க. உங்க பேரச் சொல்லல. உங்களுக்குக் கஷ்டம் வேணாம்னு."

"சரி, விடு. நான் பாத்துச் சொல்றேன்" என்றாள் மௌரீன்.

போனை வைத்தவள் அதே போனில் எழுதத் தொடங்கினாள். அது தானாகவே வந்தது. "செத்துப்போன 66ஏவுக்கு உயிர்ச் சான்று வாங்கச் சித்திரகுப்தியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் 'நாளைக்கு வாங்க'தானாம்." தன் வாழ்நாளில் எழுதியதிலேயே சிறந்த வரி இதுதான் என்று நினைத்தாள். நினைத்தது சரியாகவும் இருக்கலாம். ரங்கநாதன் அதை வாசித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

இரண்டு நாள் கழித்துப் பிரபா மௌரீனின் வீட்டுக்கே வந்தாள். அழவில்லை. போனை மேசைமேல் வைத்தாள்.

"நான் 66ஏல கம்ப்ளைன்ட் குடுத்தது எனக்கும் ஸ்டேஷனுக்கும் உங்களுக்கும்தான் தெரியும் ஆன்ட்டி."

மௌரீன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு புதிதாகப் படிப்பவளைப் போல நிதானமாகப் படித்தாள்.

"ஸ்டேஷன்ல எத்தன பேர் இருந்தாங்க?"

"நாலஞ்சு பேர்."

"எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னே?"

"ஆமா."

"எல்லார் கையிலயும் போன் இருந்திருக்கும்."

பிரபா தலையைக் குனிந்துகொண்டாள். "ரெண்டு நாளா உங்களத்தான் சந்தேகப்பட்டேன் ஆன்ட்டி. பாவம் பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க" என்றாள்.

"பரவால்ல. மனசு ஒடைஞ்சிருந்தா அப்படித்தான் தோணும்."

மௌரீன் டீ போட்டுக் கொடுத்தாள். பிரபா அதை ஊதிக் குடித்தாள். உடம்பு லேசானதைப் போல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அவன் யாருன்னு தெரிஞ்சா சண்ட கூடப் போட மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். முழு வீடியோவையும் ஏன் போடல?"

"நாலு நிமிஷத்த முழுசா போட்டா யாரு பாப்பாங்க?" என்றாள் மௌரீன்.

தொழில் பேச்சைப் போல அது வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. வீடியோ நாலு நிமிஷம் என்று பிரபா ஒருபோதும் சொன்னதில்லை. எட்டு நொடிக்கு மேல் யாரும் எங்கும் போட்டதும் இல்லை.

பிரபா அவளைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. கவுன்ட்டரில் வந்து நிற்கும் ஆளையும் திரையில் இருக்கும் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள். பிறகு மீதி டீயைக் குடித்து முடித்தாள்.

"வரேன் ஆன்ட்டி" என்று எழுந்து போய்விட்டாள்.

மௌரீன் காத்திருந்தாள். சர்ச்சில் எழுந்து நின்று சொல்லிவிடுவாள் என்று ஒரு வாரம், ரங்கநாதனிடம் வருவாள் என்று இரண்டு வாரம். 'சீல் வைத்த கவர்' மூச்சுக் காட்டாமல் கிடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிரபா ஆனேக்கல்லில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள், அங்கிருந்து பஸ் ஏறி ஓசூரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள், வெளியே போகும்போதெல்லாம் மாஸ்க் போட்டுக்கொள்கிறாள் என்று யசோதா வந்து சொன்னாள். யசோதா பிரபாவின் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரி.

"போறப்ப உங்களப் பத்தித்தான் சொல்லிட்டுப் போனா மௌரீன் அக்கா. 'என்ன கஷ்டம்னாலும் அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, எழுதிக் குடுப்பாங்க'ன்னா."

பிரபா மன்னித்தாளா, சபித்தாளா என்று மௌரீனுக்குப் புரியவில்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

"அதான் வந்தேன்" என்று யசோதா பையிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் செத்து மூன்று வருஷம் ஆகிறது. மின்சார இணைப்பைத் தன் பேருக்கு மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்தால், பழைய உரிமையாளரின் செல்போனுக்குப் போகும் ஓடிபியைக் கேட்கிறதாம். அந்தப் போனை அவரோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டார்கள். சொல்லிக்கொண்டே யசோதா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

மௌரீன் பேனாவைத் திறந்தாள். "மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். அதற்குள் இரண்டு வரி மனசில் விழுந்துவிட்டது; உதட்டோரம் சிரிப்பு துடித்தது. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினாள்.