காட்டுவதற்கென்று ஒருத்தி

ஆடிட்டர் ஆபீசில் எல்லோரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் பார்ப்பாள். முதலாளியே கையெழுத்துப் போடும் முன், "அக்கா பாத்தாச்சா?" என்று கேட்பார். இது தவிர ஆண்டுக்கு ஒருமுறை அவளுக்கு இன்னோர் உத்தியோகமும் உண்டு. ரயில் பாதைக்குப் பின்னால், தான் படித்த பள்ளிக்கூடத்தில் போய் நின்று, "நீங்களும் என்னை மாதிரி வரலாம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை ஆபீஸ்களில் பார்ப்பது அரிது. பார்த்தால் கையில் துடைப்பமோ டீத்தட்டோ இருக்கும். அதனால் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான், யார் இல்லையென்றது? ஆரம்பத்தில் அவளும் ஆசை ஆசையாகத்தான் போனாள். கெட்டிக்காரப் பிள்ளைகளின் விண்ணப்பங்களை வாங்கிவந்து முதலாளி மேசையில் வைப்பாள். "பாக்கலாம்மா" என்பார். அத்தோடு கிணற்றில் போட்ட கல்தான். காலியாகும் நாற்காலியில் யாராவது வாடிக்கையாளரின் மருமகனோ மச்சினனோ வந்து உட்காருவான். தன் பள்ளிப் பிள்ளை ஒன்றாவது பக்கத்து மேசைக்கு வந்துவிடாதா என்று ஏங்கி ஏங்கி அவளுக்கு அலுத்துவிட்டது.

இந்த ஆண்டு வீடியோ எடுக்க முதலாளி மகனும் கூட வந்தான். கணக்கு முடிக்கும் மாதத்து அசதி, கால்வலி, போதாக்குறைக்குப் புழுங்கும் வகுப்பறை. கணக்கக்கா கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்து முடித்தாள். கேள்வி ஏதாவது உண்டா என்றதும் கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், எங்க அக்கா கிளாஸ்லயும் வந்து இதேதான் சொன்னீங்களாம். அவ நம்பி அப்ளிகேஷன் குடுத்தா. இப்ப துணிக்கடையில நிக்கிறா. உங்களுக்கப்புறம் இந்த ஸ்கூல்லேருந்து யாரை எடுத்தாங்க?"

"உக்காருடி!" என்று டீச்சர் அதட்டினார். அவள் உட்காரவில்லை.

சமாளிக்கக் கணக்கக்காவுக்குத் தெரியாதா? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வாய் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"யாரையும் எடுக்கலைம்மா."

"நானும் குடுக்கலாம்னு இருந்தேன் மேடம். அதான் கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டாள். அன்று ஒரு விண்ணப்பமும் வரவில்லை.

திரும்பும்போது காரில் முதலாளி மகன் சமாதானம் சொன்னான். "அந்த இடத்தை மட்டும் கட் பண்ணிடலாம்க்கா. மத்தபடி சூப்பர்."

"பண்ணுங்க தம்பி. ஆனா அடுத்த வருஷம் நான் வரலை. வேற யாரையாவது கூட்டிட்டுப் போங்க."

பாவம், அவன் சூதுவாது தெரியாதவன். உண்மையான கவலையோடு கேட்டான். "நம்ம ஆபீஸ்ல அங்கேருந்து வந்தவங்க உங்களை விட்டா வேற யாரு இருக்காங்கக்கா?"

கணக்கக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"அதைத்தான் தம்பி அந்தப் பொண்ணும் கேட்டா," என்றாள்.