லிஃப்டில் மகாவின் படம்

பிரேசர் டவுனில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மகா ஆறு வருஷமாக வீட்டு வேலை செய்துவந்தாள். ஒருநாள் ஒரு வீட்டுக் கண்ணாடி முன்னால் இருந்த சென்ட் பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அந்த வாசனை பிடித்திருந்தது, அவ்வளவுதான். கேட்டிலேயே பிடிபட்டு, அழுதுகொண்டே திருப்பிக் கொடுத்தாள். வேலை போனது. அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

மறுநாள் லிஃப்டில் அவள் படத்தை ஒட்டினார்கள். கீழே கன்னடத்திலும் தமிழிலும் 'திருடி' என்று எழுதியிருந்தது. வாட்ச்மேன்களின் போன் வழியாக அது வட்டாரமெங்கும் போய், கடைசியில் பத்தாவது படிக்கும் அவள் மகள் விஜியின் வகுப்புக்கும் வந்துவிட்டது. விஜி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

மகா நேரே குடியிருப்போர் சங்கச் செயலாளர் தேசிகன் வீட்டுக்குப் போனாள். அவர் நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"நான் செஞ்சது தப்புதான் சார். அந்தப் படத்த மட்டும் எடுத்துடுங்க. எம் பொண்ணு வெளிய தலகாட்ட மாட்டேங்குது."

"உன்மேல எனக்குக் கோபமே இல்லம்மா. நீ இனிமே எடுக்கமாட்டேன்னும் தெரியும். ஆனா இங்க அறுபது பேர் வேலைக்கு வரா. அவாளுக்கு ஒரு பயம் வேண்டாமா?"

"பயந்துட்டாங்களா சார்?"

"நன்னாவே. அப்புறம் ஒரு ஸ்பூன்கூடக் காணாமப் போகல."

"அப்ப வேல முடிஞ்சுதில்ல? எடுத்துடுங்க சார்."

தேசிகன் சங்கடப்பட்டார். "எடுத்தா பயம் போயிடுமேம்மா."

"நான் எடுத்ததுக்கு என்னைய என்ன வேணா செய்யுங்க. மத்தவுங்க எடுக்காம இருக்கறதுக்கு எம் பொண்ணு எதுக்கு சார் மூஞ்சிய மூடிக்கணும்?"

அவள் காலில் விழப்போனாள்; அவர் பின்னால் நகர்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

லட்சுமம்மா படிக்கட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தினமும் மகாவோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவள். மகா வருவதைக் கண்டதும் மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். குனிந்தபடியே, "போயிடு மகா. உங்கிட்டப் பேசினா எனக்கும் வேல போயிடும்" என்றாள்.

அடுத்த மாசம் தாயும் மகளும் நகரத்துக்கு வெளியே அத்திபெலேக்கு வீடு மாறினார்கள். மகா ஒரு கோழிக்கடையில் இறகு பிடுங்குகிறாள். விஜி பரீட்சை எழுதவில்லை. எழுது என்று சொல்ல மகாவுக்கும் வாய் வரவில்லை.