மூன்றாவது ஓட்டை

“ஓடலன்னா இன்னா அர்த்தம்? ஸ்விட்ச் போட்டா சத்தம் கீதா, இல்ல கம்முனு கீதா?”

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதை இன்னும் கீழே வைத்திருக்க மாட்டார். செம்புக் கம்பியைச் சுற்றியபடியே கன்னியம்மா அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எத்தனை நாளாக? மழைக்கு முன்னாலா, பின்னாலா? கருகிய வாசனை வந்ததா? கடைசியாகத் தொட்டது யார்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் ஆட்கள் நெளிவார்கள். “நான்தான்க்கா, யூடியூப் பாத்து லேசா கழட்டினேன்” என்று ஒருவழியாக உண்மை வெளியே வரும்.

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து நாலு கடை தள்ளி இருக்கிறது அந்த மோட்டார் காயில் கட்டும் கடை. ஊர் ஊராகப் போய் போர்வெல்லில் மோட்டாரை ஏற்றி இறக்குவது கணவர் லோகநாதன். உட்கார்ந்து காயில் கட்டுவது கன்னியம்மா. வயது நாற்பத்தொன்பது. கட்டி முடித்ததை அரைமணி ஓடவிட்டு, அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடு அவருக்குத் திருப்தியானால்தான் மோட்டார் வீடு திரும்பும். வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு ஹாரன் அடித்தாலும், “ரெண்டு நிமிஷம் இரு” என்பதுதான் பதில்.

மேசை இழுப்பறையில் டெஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு மவுத் ஆர்கன் கிடக்கும். பன்னிரண்டு ஓட்டை. ஊரடங்கில் கடை மூடிக் கிடந்தபோது, போனில் யாரோ வாசித்ததைக் கேட்டுவிட்டு வரவழைத்தது. “பக்கத்து வூட்ல நாய் ஊளை வுடுதான்னு கேக்கறாங்கோ” என்று லோகநாதன் ஆறு மாதம் சொல்லிப் பார்த்தார். “கேட்டா கேட்டுட்டுப் போட்டும்” என்று இவர் ஊதிக்கொண்டே இருந்தார். இன்று பத்துப் பாட்டு சுத்தமாக வரும். தென்சென்னை மவுத் ஆர்கன் நண்பர்கள் என்ற வாட்ஸ்அப் குழுவிலும் இருக்கிறார். பேங்கில் ஓய்வு பெற்றவர்களும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களும் நிறைந்த குழு. கையில் வார்னிஷ் கறையோடு இருப்பவர் இவர் ஒருவர்தான்.

அந்தக் குழுவின் ஆண்டுக் கூட்டம் மேடவாக்கத்தில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஏசி ஹாலில் நடக்கும். போன வருடம் கன்னியம்மா முதன்முதலாக மைக் முன்னால் நின்றார். முதல் வரியிலேயே மூன்றாவது ஓட்டை ஊமையாகிவிட்டது. திரும்ப ஆரம்பித்தார். திரும்பவும் அதே இடத்தில் காற்று மட்டும் வந்தது. குழுவை நடத்தும் சத்யநாராயணன், “பரவால்ல மேடம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று மரியாதையாகத்தான் மைக்கை வாங்கிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடக் கன்னியம்மா மறந்திருப்பார். அந்தப் ‘பரவால்ல’ வருடம் முழுக்க உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து ஊதினால் சனியன் பிடித்த அதே ஓட்டை கிளி மாதிரி பேசுகிறது!

இந்த வருடத் தேதி வந்த அன்றே குழுவில் போட்டார்: “என் மவுத் ஆர்கன் சரியா வேலை செய்யல. யாராச்சும் ஹெல்ப் பண்ணுங்க.” உதவி மழையாகக் கொட்டியது. புதுசு வாங்குங்கள். பிராக்டிஸ் போதாது. வெந்நீரில் கழுவுங்கள். பதினான்கு பேர் கும்பிட்டிருந்தார்கள். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார். தாம்பரத்து வேதசிரோமணி மட்டும், “எந்த ஓட்டை?” என்று இரண்டே வார்த்தை கேட்டிருந்தார். முப்பது வருடமாக மவுத் ஆர்கனைப் பிரித்து மாட்டுகிற மனிதர். கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்துக் கன்னியம்மா பதிலே போடவில்லை.

மறுநாள் மாடம்பாக்கத்திலிருந்து ஒருவர் மோட்டாரோடு வந்தார். கேள்விகள் ஆரம்பமாயின. மூன்றாவது கேள்வியிலேயே அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “ஓடலக்கா, அவ்ளோதான் எனக்குத் தெரியும். ரிப்பேர் பண்றது நீங்க. என்னைப் போட்டு ஏன் பேஜார் பண்றீங்க?”

கன்னியம்மாவின் கை கம்பியோடு நின்றுவிட்டது. “நானும் குரூப்புல இதே மாரிதான கேட்டுகினு கீறேன்” என்று சத்தமாகவே சொன்னார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அன்று வேலை நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறந்தது. மோட்டாருக்குக் கேட்கிற அத்தனை கேள்வியையும் மவுத் ஆர்கனிடம் கேட்டார். கடையில் ஊதினார், சரி. மொட்டை மாடியில் ஊதினார், சரி. அந்த ஹால் மாதிரி ஏசிக்கு எங்கே போவது? பக்கத்து ஏடிஎம் அறைக்குப் போனார்.

“இன்னாம்மா, பணம் எடுக்க வந்தியா, கச்சேரி பண்ண வந்தியா?” என்று காவலாளி தனக்கோடி கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

“டெஸ்டிங்குண்ணா. ஆள் வந்தா சொல்லு, வெளிய வந்துடறேன்.”

மூன்று நாள், மூன்று முறை. மூன்றாவது நாள் தனக்கோடியே, “இன்னிக்கி பேசிச்சா?” என்று விசாரித்தார். நோட்டில் இருந்ததைக் கன்னியம்மா அப்படியே குழுவில் ஏற்றினார்:

“பன்னெண்டு ஓட்டை, நாலு வருஷம் பழசு. மூணாவது ஓட்டையில மூச்சை உள்ள இழுத்தா மட்டும் சத்தம் வரல. ஊதினா வருது. கடை, மாடி ரெண்டுலயும் நல்லா கீது. ஏசியில போனதும் ஊமையாவுது, பத்து நிமிஷம் வாசிச்சா தானா சரியாவுது. மூணு வாட்டி பாத்தேன், மூணு வாட்டியும் இதேதான். நான் கழுவல, கழட்டல. இன்னா காரணம்?”

இந்த முறை ரோஜாப்பூ வரவில்லை. கால் மணி நேரத்தில் வேதசிரோமணியின் பதில் வந்தது. “உள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருக்கும் சிஸ்டர். கருவி குளிர்ந்து கிடந்தா உங்க மூச்சுல இருக்கற ஈரம் அதுல படிஞ்சு ஒட்டிக்கும். வாசிக்கறதுக்கு முன்னாடி உடம்புச் சூட்டுல வெச்சு வெதுவெதுப்பாக்குங்க.” சொன்னதை நம்பிச் சும்மா இருப்பவரா கன்னியம்மா? கக்கத்தில் இடுக்கிச் சூடாக்கி, மறுபடி மூன்று நாள் ஏடிஎம் அறையில் ஊதினார். மூன்று நாளும் மூன்றாவது ஓட்டை முதல் மூச்சிலேயே பேசியது.

போன ஞாயிற்றுக்கிழமை அதே மேடவாக்கம் ஹால். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் இடது கையை உடம்போடு ஒட்டி வைத்து உட்கார்ந்திருந்த கன்னியம்மாவைப் பார்த்து, “கை வலியா மேடம்?” என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். சத்யநாராயணன் இவர் பெயரைக் கூப்பிட்டார். கன்னியம்மா நடந்துபோய் மைக் முன்னால் நின்றார். எதிரே அறுபது பேர். கக்கத்திலிருந்து மவுத் ஆர்கனை எடுத்து, அதன் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ரெண்டு நிமிஷம் இருங்க சார்” என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அதை மறுபடி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றார்.