வராத அணிக்கு ஐந்து சீட்டு

கனடாவின் மொன்றியல் நகர அரங்கில் அத்தானும் நானும் இருக்கிறோம். அக்காவும் பிள்ளைகள் இருவரும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள்; ஆனாலும் அவர்களுக்கும் சேர்த்து அத்தான் சீட்டு எடுத்திருக்கிறார். இந்த ஊரின் பேஸ்போல் அணியும் வரவில்லை. அது வேறு நகரத்துக்குப் போய்ப் பல வருடம். ஆடுவது இரண்டு வெளியூர் அணிகள், அதுவும் வெறும் பயிற்சி ஆட்டம். சனமோ போன அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. சாமியில்லாத தேருக்கு இத்தனை பேர் வடம் பிடித்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். விளங்காததைக் கேட்காமல் இருக்க முடிவதில்லை.

“அத்தான், இதில ஆர் எங்கட ஆக்கள்?”

“ஒருத்தரும் இல்லை.”

“அப்ப ஆருக்குக் கத்துறியள்?”

“டீம் திரும்பி வரவேணும், தம்பி. கன சீட்டு வித்தாத்தான் பேஸ்போல் நடத்திற பெரியாக்கள் யோசிப்பினம். நேற்று வந்த நீ விண்ணாணம் கதையாத.”

ஒருவன் பந்தைக் கூட்டத்துக்குள் அடிக்கிறான்; இந்த ஆட்டத்தில் அதுதான் பெரிய அடியாம். சோம்பலாகக் கை தட்டுகிறார்கள். பிறகு விற்ற சீட்டுகளின் தொகை பெரிய திரையில் வருகிறது. உடனே அரங்கே எழுந்து தனக்குத்தானே கை தட்டி விசிலடிக்கிறது. அத்தானுக்குக் கண் கலங்குகிறது.

“பார், அதில அஞ்சு எங்கட!”

“வந்தது ரெண்டு பேரல்லோ?”

“சீட்டைத்தானே எண்ணுறாங்கள், ஆளையே எண்ணுறாங்கள்?” என்றவர் அக்காவின் நினைவு வந்து குரலைத் தாழ்த்துகிறார். “கொக்காவிட்ட ரெண்டு சீட்டெண்டே சொல்லு.”

ஐந்துக்கும் முந்நூறு டொலர்.