தென்கலை வீல், வடகலை வீல்

டயர் கடையில் வேலை பார்த்த காலத்தில் வாடிக்கையாளர்கள் என்னிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். இந்த வீல் எந்தக் கலை என்று கேட்டவர் ஒருவர்தான். கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். நெற்றியில் திருமண், தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம். புது அலாய் வீல் மாட்டி நின்ற எஸ்.யு.வி.யின் முன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஏம்மா, இது தென்கலை வீல்தானே?"

நான் வீலைப் பார்த்தேன். அதுவரை அது எனக்கு வெறும் பதினேழு இன்ச் ஒய் ஸ்போக். அவர் கேட்ட பிறகு அதில் நாமம் தவிர வேறு எதுவுமே தெரியவில்லை.

வண்டி வந்த கதை

எங்கள் கடை உறையூரில் இருந்தது. முதலாளி ஹனீபா பாய். என் பெயர் சகாயமேரி. பில் போடுவதற்காகச் சேர்ந்து, பிறகு எந்த வண்டிக்கு எந்த வீல், எந்த டயர் என்று சொல்லும் ஃபிட்மென்ட் இன்சார்ஜ் ஆனேன். மாட்டிக் கொடுப்பவர் பாண்டியன். டயரைக் கையால் தட்டியே காற்று எவ்வளவு என்று சொல்வார். பெரும்பாலும் தப்பாகச் சொல்வார்.

அந்த எஸ்.யு.வி. ஸ்ரீரங்கத்து வரதராஜன் சாருடையது. ஏழு சீட், மேலே சன்ரூஃப். கம்பெனியில் கொடுத்தது பதினாறு இன்ச் ஸ்டீல் வீலும் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியும். அவருடைய மகள் கோதைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கல்யாணத்துக்கு முந்தின மாலை நடக்கும் மாப்பிள்ளை ஊர்வலமான ஜானவாசத்தன்று, மாப்பிள்ளை சன்ரூஃப் வழியாக எழுந்து நின்றபடி சித்திரை வீதியைச் சுற்றி வரவேண்டும் என்பது சாரின் திட்டம்.

"மேல மாப்பிள்ளை ஜம்முனு நிக்கறச்சே கீழ பிளாஸ்டிக் மூடி இருந்தா நன்னாவா இருக்கும்?" என்றார்.

நியாயமான கேள்விதான். நான் அளவுகளைப் பார்த்தேன். வீலில் ஒரு இன்ச் கூடினால் டயரின் பக்கச் சுவரை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்போதுதான் மொத்த உயரம் மாறாது, ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. ஏழு பேர் ஏறும் வண்டி என்பதால் டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் பழையதைவிடக் குறையக்கூடாது. எல்லாம் பொருந்திவந்த பதினேழு இன்ச் செட்டில் டிசைன் மட்டும் அவர் தேர்ந்தெடுத்தார். கறுப்பு உடம்பு, அதில் ஐந்து ஒய் ஸ்போக், ஒவ்வொன்றும் வெள்ளிபோல மின்னும். பார்த்ததுமே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன்.

மாட்டியதும் போட்டோ எடுத்து இரண்டு வீட்டாரும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் போட்டார். மறுநாள் காலையில் கும்பகோணத்திலிருந்து சம்பந்தி சம்பத்குமாரன், மனைவியோடு, முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். வரதராஜன் சார், வைதேகி மாமி, கோதை என்று குடும்பமே அவர்களை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் அந்தக் கேள்வி.

மற்ற வீல்கள்

விஷயம் இதுதான். பெண் வீட்டார் தென்கலை. அவர்கள் நாமத்துக்குக் கீழே பாதம் உண்டு, ஒய் எழுத்து மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் வடகலை. அவர்களுடையது பாதமில்லாமல் யூ மாதிரி வளையும். எங்கள் மாதா கோவில் தெருவில் வளர்ந்த எனக்கு இரண்டும் நாமம்தான். அன்று ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் நன்றாகவே புரிந்துவிட்டது.

"அடியேன் குத்தம் சொல்ல வரலை," என்றார் சம்பத்குமாரன். "எங்க பிள்ளை எழுந்தருளற வண்டி. நாலு சக்கரத்துலயும் உங்க திருமண். நாலஞ்சு இருபது. எங்க மனுஷா பார்த்தா என்ன நினைப்பா?"

"சுத்தறச்சே ஒண்ணுமே தெரியாது சம்பந்தி."

"சுத்தாதபோது?"

"பாதி தலைகீழாத்தான் இருக்கும்."

"அது அதைவிட அபசாரம்!"

ஹனீபா பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். டயர் ஏற்றிவிட்ட வீலைத் திருப்பி எடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. ஆனால் ஒரு கல்யாணம் தன் கடையில் வைத்து நின்றுபோனது என்ற பேரை அவர் விரும்பவில்லை.

"மேரிம்மா, வேற டிசைன் காட்டுங்க. மனசு ஒத்துப் போகட்டும்," என்றார்.

அதே கம்பெனி, அதே அளவில் யூ ஸ்போக் இருந்தது. எடுத்து வைத்ததும் சம்பத்குமாரன் முகம் மலர்ந்தது. வரதராஜன் சார் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என் ஆத்து வண்டியில இதை மாட்டிண்டு நான் ஸ்ரீரங்கத்துக்குள்ள எப்படிப் போவேன்?" என்றார்.

அடுத்து ஒன்றை எடுத்தேன். ஒவ்வொரு ஸ்போக்கிலும் குறுக்கே மூன்று கோடு. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், நிமிர்ந்தார்கள், ஒரே குரலில், "இது வேண்டாம்" என்றார்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. நெற்றி நிறைய விபூதியோடு நின்ற பாண்டியனுக்கு வருத்தம். "ஏன் சார், நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அந்த வீலைத் துணியால் துடைத்து, பத்திரமாகத் தானே உள்ளே தூக்கிப் போனார்.

நாலு ஸ்போக் வீல் ஒன்று இருந்தது. அச்சு அசலாகச் சிலுவை. எல்லோரும் வீலைப் பார்த்தார்கள், பிறகு என் கழுத்துச் செயினைப் பார்த்தார்கள். வைதேகி மாமிதான் சமாளித்தார். "அழகா இருக்கும்மா. ரொம்பவே அழகா இருக்கு. ஆனா..."

"புரியுது மாமி," என்று நானே எடுத்து வைத்துவிட்டேன்.

பிறை மாதிரி வளைந்த டிசைன் ஒன்று வரிசையில் மீதமிருந்தது. யாரும் வாயைத் திறக்கும் முன் ஹனீபா பாயே போய், "இதை நான் உள்ள வச்சிடறேன்" என்று உருட்டிக்கொண்டு போனார்.

பதினெட்டு இன்ச்

கடைசியாக எல்லோர் கண்ணும் டிஸ்பிளேவில் நின்ற பதினெட்டு இன்ச் செட்டில் விழுந்தது. ஜன்னல் கம்பிபோல மெல்லிய நேர் ஸ்போக்குகள். எந்த மதமும் இல்லை, எந்தக் கலையும் இல்லை. டயரும் ஏற்கெனவே ஏற்றியிருந்தது. இரண்டு சம்பந்திகளும், "பேஷ்" என்றார்கள்.

"அது இந்த வண்டிக்குச் சேராது சார்," என்றேன். போல்ட் ஓட்டைகளின் வட்ட அளவு, அதாவது பி.சி.டி., பொருந்தும். ஆனால் டயர் அகலம் அதிகம், ஆஃப்செட் வேறு. அதாவது மாட்டினால் வீல் உள்ளே அடங்காமல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஆள் ஏறி வண்டி அமுங்கினால் சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் ஃபெண்டரில் உரசும்.

"மாட்டிப் பார்த்தாத்தான் தெரியும்," என்றார் பாய். அவருக்கு எப்படியாவது ஒரு முடிவு வந்தால் போதும்.

பாண்டியன் மாட்டினார். வண்டி நிற்கும்போது ராஜா மாதிரி இருந்தது. காலி வண்டியை ஓட்டினேன், சத்தமே இல்லை. எல்லோரும் என்னை ஏளனமாகப் பார்த்தார்கள்.

"காலி வண்டி எப்பவும் உரசாது. ஏழு பேர் ஏறுங்க," என்றேன்.

கோதை அலுவலகப் போனில் இருந்தாள். கடையின் ஒரு மூலையில் லேப்டாப்பை டயர் அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு யாருக்கோ ஆங்கிலத்தில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். ஆகவே மீதி ஆட்களுக்குக் கடையையே ஏற்றினோம். முன்னால் நானும் வரதராஜன் சாரும். நடுவில் சம்பத்குமாரன், அவர் மனைவி, இடது ஓரத்தில் வைதேகி மாமி. கடைசி சீட்டில் முழங்கால் மோவாயில் இடிக்க ஹனீபா பாயும் பாண்டியனும். இப்படி ஒரு கூட்டம் ஒரே வண்டியில் உறையூரில் அதற்கு முன் போயிருக்காது.

முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே இடது பின்பக்கம், கர்ர்ர் என்றது.

"என்னது அது?" என்றார் சம்பத்குமாரன்.

"டயர் உரசுது சார்."

"பின்னாடி நாங்கதான் வெயிட்டு," என்று பாய் பாண்டியனை இழுத்துக்கொண்டு இறங்கினார். வண்டியை அதே பிரேக்கர் மேல் மறுபடி ஏற்றினேன். கர்ர்ர். அப்போது வைதேகி மாமிக்குப் பூக்காரியிடமிருந்து போன் வந்தது. பேசுவதற்காக இறங்கினார். மறுபடி ஏற்றினேன். சத்தமே இல்லை.

ஓரமாக நின்றிருந்த பாய் கையைத் தட்டினார். "சத்தம் போயிருச்சு! மாமி இறங்கினதும் போயிருச்சு!"

தெருவே கேட்டது. மாமி போனைக் காதிலிருந்து எடுத்தார். கணவரைப் பார்த்தார். வரதராஜன் சார் அந்த நேரத்தில் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் ஜன்னல் வழியாக ஃபெண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ என்னாலதான் உரசறதா?" என்றார் மாமி.

நான் இறங்கிப் போய், "மாமி, அந்த இடத்துல யாரு உக்காந்தாலும் உரசும். தப்பு வீல்ல. உங்க மேல இல்ல," என்றேன். சம்பத்குமாரனின் மனைவி உடனே இறங்கி வந்து மாமியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் உங்க பக்கம்தான் மாமி, அங்க நான் உக்காந்தாலும் கத்தும்," என்றார். சம்பந்தி அம்மாக்கள் இருவரும் கடைக்கு நடந்தே திரும்பினார்கள். ஆண்கள் காரில் வந்தோம், அதாவது ஆண்களும் நானும்.

கோதை

கடைக்குத் திரும்பியதும் பாய் என்னைத் தனியே அழைத்தார். "ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையும் டிரைவரும் மட்டும்தானே மேரிம்மா. மெதுவாத்தான் போவாங்க. விட்டுருங்களேன்."

"பாய், அன்னைக்கு வீட்டுல உள்ள அத்தனை பிள்ளைங்களும் அந்த வண்டியிலதான் ஏறும். வீதி முனையில திருப்பும்போது டயர் ஓரம் கிழிஞ்சா, மேல ஒரு மனுஷன் பிடிமானம் இல்லாம நிக்கிறான். நான் ஃபிட்மென்ட் சீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

அவருக்குக் கோபம் வந்தது. "கடை என்னுதும்மா," என்றார். அதற்கு மேல் சொன்னால் வேலை போகுமோ என்று பயந்தேன். ஆனாலும் நகராமல் நின்றேன். வெளியே, "முதல்ல போட்டதே இருக்கட்டும்", "அதுக்கு யூவே மேல்" என்று சம்பந்திகள் மறுபடி ஆரம்பத்துக்கே போய்விட்டிருந்தார்கள். ஒருவர் ஜானவாசமே வேண்டாம் என்றார், இன்னொருவர் சரி வேண்டாம் என்றார். இரண்டு அம்மாக்களும் பயந்துபோய் நின்றார்கள்.

கோதை ஹெட்போனைக் கழற்றினாள். நேராக என்னிடம் வந்தாள்.

"மேடம், ஒய், யூ ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு, ஒரே ஆஃப்செட். டயரும் ஒண்ணுதான். டிசைன் மட்டும்தான் வேற."

அவள் பெரியவர்கள் பக்கம் திரும்பினாள். "அப்படின்னா இந்தப் பக்கம் ரெண்டும் அது, அந்தப் பக்கம் ரெண்டும் இது, மாட்டிட்டு ஆத்துக்குக் கிளம்புங்கோ! ஒரு நேரத்துல ஒரு பக்கம்தானே யாருக்கும் தெரியும்? எனக்கு ரெண்டு மணிக்கு இன்னொரு கால் இருக்கு!"

எரிச்சலில் சொன்னதுதான். ஆனால் இரண்டு அப்பாக்களும் அதை யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

"சேஃப்டியா இருக்குமாம்மா?" என்றார் வரதராஜன் சார்.

இருக்கும் என்றேன். எனக்கும் அப்படி ஒன்றை மாட்டிய அனுபவம் இல்லை. ஆனால் அளவு எல்லாம் ஒன்றாக இருந்தால் சாலைக்கு ஸ்போக்கைப் பற்றிக் கவலை கிடையாது.

"எந்தப் பக்கம் எது?" என்றார் சம்பத்குமாரன்.

வீதியைப் பிரதட்சிணமாகத்தான் சுற்றுவார்கள். அதாவது கோவில் எப்போதும் வண்டிக்கு வலது பக்கம், வீடுகளும் ஜனங்களும் இடது பக்கம். சம்பத்குமாரன் கொஞ்ச நேரம் விரலால் காற்றில் கோடு போட்டுப் பார்த்தார். "அப்போ வலது பக்கம் எங்களுது. பெருமாளைப் பார்த்துண்டே போகும்," என்றார்.

"தாராளமா," என்றார் வரதராஜன் சார். பிறகு என் அருகே வந்து மெதுவாக, "ஊர் ஜனம் பூரா இடது பக்கம்தான் நிக்கும். பாவம், மனுஷனுக்குத் தெரியலை," என்றார்.

சிறிது நேரம் கழித்து வீல் நட்டை டார்க் ரெஞ்சில் முறுக்குவதைப் பார்க்க வந்த சம்பத்குமாரனும் என் காதில், "அவருக்கு ஊர்தான் முக்கியம் போலிருக்கு. பாவம்," என்றார்.

இருவரும் அதற்குப் பிறகு ஒரே இலையில் சாப்பிடாத குறையாக ஒன்றாகிவிட்டார்கள். ஏழு பேரை ஏற்றி மறுபடி ஓட்டினேன். இந்த முறை மாமியை அதே இடத்தில் உட்காரச் சொன்னேன். ஸ்பீட் பிரேக்கரில் சத்தமே இல்லை. மாமி, "கேட்டேளா?" என்று கணவரிடம் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

சித்திரை வீதி

ஜானவாசத்துக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். பாய், பாண்டியன், நான் மூவரும் வடக்குச் சித்திரை வீதியில் நின்றோம். நாகஸ்வரம் முன்னால் வர, சன்ரூஃபில் மாப்பிள்ளை வேர்த்து வழிந்தபடி நின்றார். நான் சொன்னபடியே வண்டிக்குள் பிள்ளைகள் மட்டுமே ஒரு வகுப்பறை அளவுக்கு இருந்தார்கள். வீதி முனையில் டிரைவர் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எந்தச் சத்தமும் இல்லை. பாய் என் பக்கம் பார்க்காமலேயே, "நல்ல வேளைம்மா," என்றார்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கோவில் பக்கம் நின்று பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர் போலிருக்கிறது. மற்றவரிடம் கவலையோடு சொன்னார்.

"அந்தப் பக்கம் ஒரு டிசைன், இந்தப் பக்கம் ஒரு டிசைன். செட்டு சேராததைத் தலையில கட்டிட்டான் சார். டயர் கடைக்காரன் நன்னா நாமம் போட்டுட்டான்!"

பாய் என்னைப் பார்த்தார். பாண்டியன் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் மறுத்துப் பேச முடியாது. போட்டது நாங்கள்தான், அதுவும் இரண்டு விதமாக.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பி.சி.டி., ஆஃப்செட், லோட் இண்டெக்ஸ் எல்லாம் கேட்லாக்கில் இருக்கிறது. படித்துக்கொள்ளலாம். வண்டியில் யார் யார் உட்காருவார்கள் என்று வாடிக்கையாளரிடம் முதலில் கேளுங்கள். அந்த வீலை யார் யார் பார்ப்பார்கள் என்று உடனே இரண்டாவதாகக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வரும்வரை டயரை ஏற்றாதீர்கள்.