தலையாடும் லூனா

சயூரன் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுபவன். வேலையிடத்தில் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன். பனி கொட்டும் நாளில் யாராவது தண்டவாளத்தில் காரை விட்டுவிட்டுப் போனாலும், ஒருதரம் மணியடித்துவிட்டுப் பேசாமல் காத்திருப்பான். அப்பேர்ப்பட்டவன் ஒரு பாம்பின்மேல் பொறாமைப்பட்டான் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

பாம்பைக் கொண்டுவந்தது அவன் மனைவி துஷாரா. அவளோடு பாலர் பாடசாலையில் வேலை செய்த ஒருத்தி ஹம்மர்பெஸ்டுக்கு மாறிப் போனாள். அவள் வளர்த்த லூனா என்ற மலைப்பாம்பைப் பொறுப்பெடுக்க ஆளில்லை. ஒரு கை நீளம். தேன் நிற உடம்பில் சிலந்தி வலைபோல் கறுப்புக் கோடுகள். தலைதான் நிலையாக நிற்காது. சிலவேளை அண்ணாந்து தலைகீழாகத் திருகிக்கொள்ளும். மிருக வைத்தியர் பார்த்தார். இந்த நிறக்கோலம் உள்ள பாம்புகளுக்குப் பரம்பரையாக வரும் குறையாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, மருந்து இல்லை, அமைதியாக வைத்திருந்தால் நெடுநாள் இருக்கும், குஞ்சு பொரிக்க மட்டும் விடவேண்டாம் என்றார்.

"வருத்தக்காரப் பாம்பு எங்களுக்கு என்னத்துக்கு?" என்றான் சயூரன்.

"வருத்தம் எண்டு ஒருத்தரும் எடுக்காட்டில் அது எங்கை போறது?" என்றாள் துஷாரா.

தொலைக்காட்சி இருந்த இடத்துக்குக் கண்ணாடிப் பெட்டி வந்தது. பிறீசரில் மீனுக்குப் பக்கத்தில் பாம்புக்குத் தீனியாக உறைந்த எலிகள் வந்தன. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான். பொறுக்க முடியாமல் போனது துஷாராவின் குரலைத்தான். இளக வைத்த எலியை இடுக்கியில் பிடித்து நீட்டுவாள். லூனா பாய்ந்து, குறி தவறிக் கண்ணாடியில் முட்டும்.

"பரவாயில்லை செல்லம், ஆறுதலாய் எடுங்கோ."

கலியாணமான புதிதில் அவனைச் செல்லம் என்று கூப்பிட்டவள். இப்போது அவன் வேலையால் வந்து கதவைச் சாத்தினால், "மெதுவா! அவ பயப்பிடுறா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அவனுடைய சோறு மேசையில் ஆறிக் கிடக்கும். அவனுக்குக் காய்ச்சல் வந்தபோதும், முதலில் பெட்டியின் சூட்டைப் பார்த்துவிட்டுத்தான் மல்லித் தண்ணியோடு வந்தாள். படுத்திருந்தபடியே கவனித்தான். வயிறெரிந்தது.

துஷாரா இரண்டு நாள் லோறென்ஸ்கூக்கில் தமக்கை வீட்டில் நிற்கப் போனாள். லூனாவைக் கொடுத்துவிடச் சயூரன் கிளின்ரனைக் கூப்பிட்டான். கிளின்ரன் வீட்டில் நாலைந்து பாம்பு வளர்க்கும் இளைஞன், சயூரனுக்குத் தெரிந்தவர் ஒருவரின் மகன். வருத்தம் கூடிவிட்டது, விவரம் தெரிந்த ஆளிடம் கொடுத்தேன் என்று மனைவிக்குச் சொல்லப் பொய்யும் தயாராக இருந்தது.

கிளின்ரன் லூனாவைக் கையில் எடுத்தான். "தலை ஆடுது. ஆனால் நிறம் சூப்பர் அண்ணை. முட்டை போட வைச்சால் இதே மாதிரிக் குஞ்சுகள் வரும்."

"குஞ்சுகளுக்கும் தலை ஆடாதோ?"

"ஆடலாம்தான். வாங்கிற ஆக்கள் நிறத்தைத்தானே பாக்கினம்."

அந்தப் பதில் சயூரனுக்கு உறுத்தியது. ஆனால் அவனை உலுப்பியது வேறு. லூனா கிளின்ரனின் மணிக்கட்டைச் சுற்றி, ஆடும் தலையை அவன் உள்ளங்கையில் சாய்த்து அசையாமல் கிடந்தது. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் சயூரன் அதை ஒருநாளும் தொட்டதில்லை. வந்தவன் போனவன் கையில் எல்லாம் இப்படிச் சாய்வதா?

"இஞ்சை தாரும்," என்றான். "குடுக்கேலாது தம்பி. குறை நினையாதையும்."

சில்லென்று இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினான். இளஞ்சூடாக இருந்தது. லூனா அடங்கும்வரை கையை எப்படி வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

துஷாரா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான்.

"ஒரு பாம்போடையோ எரிச்சல்பட்டனீங்கள்?" அவள் சிரிக்கவில்லை.

"ஓம்."

பல நாள் அவள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அடுத்த தீனிக்கு அவனே பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து இடுக்கியை எடுத்தான். லூனா பாய்ந்து தவறவிட்டது. திரும்பவும் தவறவிட்டது. அவன் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் முறை கவ்வியது.

பார்த்துக்கொண்டு நின்ற துஷாராவின் முகம் மாறியது. "என்னட்டை இவ்வளவு கெதியாய் எடுக்கிறேல்லை," என்றாள். பிறகு, "காணும், இனி நான் பாக்கிறன். நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ."

சயூரன் எழும்பவில்லை. அவளும் போகவில்லை. பெட்டியின் மறுபக்கத்தில், அவனைப் பாராமல், காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்துவிட்டாள்.